மேளம் வைக்கக் கூடாத இடம்

அம்மா கட்டிய பாட்டைத்தான் அப்பா தினமும் முகம் மழிக்கும்போது முணுமுணுப்பார். அது அம்மா கட்டியது என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது. இந்த வருஷம்வரை எனக்கும் தெரியாது.

‘கிட்ட வா, கிட்ட வா’ என்று பாட்டு வரும். அதன்பின் மூன்று நொடி ஒன்றுமே இருக்காது. குரல் இல்லை, வாத்தியம் இல்லை. பிறகு ‘எட்டப் போ, எட்டப் போ, இன்னும் இருக்குது தூரம்’ என்று தொடரும். அப்பா காலத்தில் அது வானொலியில் வந்த காதல் பாட்டு. அந்த மூன்று நொடிக்கு அப்பா சவரக்கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருப்பார். நான் பள்ளியில் இருந்தபோது ஒரு குழு அதையே வேகமாக்கி ஆட்டப்பாட்டாகப் போட்டது. அவர்களும் அந்த இடத்தைத் தொடவில்லை. பள்ளி விழா மேடையில் நாங்கள் முப்பது பெண்கள் ஆடிக்கொண்டே வந்து சிலை மாதிரி நிற்போம். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாலும் கடைசி வரிசைவரை கேட்கும்.

அந்த மௌனத்துக்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். இசையமைத்தவரின் காதலி இளவயதில் இறந்துபோனாள், அது அவளுக்காக விட்ட பெருமூச்சு என்பதுதான் எல்லாருக்கும் பிடித்த விளக்கம். அவரே ஒரு பேட்டியில் அப்படிச் சொல்லியிருந்தார். அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது.

அவருடைய மகன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பகல் பதினொரு மணி. பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்ப்பவளுக்குப் பதினொரு மணி என்பது நடுச்சாமம். கதவைத் தட்டிய சத்தத்தில் எழுந்து வந்தேன். நாற்பது வயது, நல்ல சட்டை, கையில் ஒரு உறை. அவனும் இசையமைப்பாளன்தான். அவனைச் சின்னவர் என்று துறையில் கூப்பிடுவார்கள் என்று பிறகு தெரிந்தது.

“அம்மா இருக்காங்களா? அப்பாவோட பழைய நோட்டுல இந்த விலாசம் இருந்துச்சு” என்றான்.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவன் முகத்தையே பார்த்தாள். “அதே மூக்கு. உள்ள வா தம்பி” என்றாள்.

நோட்டில் இரண்டு விலாசம் இருந்ததாம். ஒன்று எங்களுடையது. இன்னொன்று இரண்டு தெரு தள்ளி இருக்கும் நெட்டைப் பெரியம்மாவுடையது. கீழே, ‘இந்த இருவரிடம் கேட்டது’ என்று ஒரு வரி. இப்போது ஒரு பெரிய கம்பெனி அந்தப் பாட்டைப் புதிதாகப் போடுகிறது. இசை சின்னவர். கம்பெனி வக்கீல் அந்த வரியைப் பார்த்துவிட்டு, இரண்டு பேரிடமும் கையெழுத்து இல்லாமல் பாட்டு வெளியே போகாது என்று சொல்லிவிட்டார்.

தாளில் இரண்டே வாக்கியம். இந்தப் பாட்டு மக்களிடையே வழங்கிவந்தது, கட்டியவர் யாரென்று தெரியாது, எங்களுக்கு அதில் உரிமை கோரிக்கை ஏதுமில்லை என்பது முதலாவது. கம்பெனி தன் தேவைக்கேற்பப் பாட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது இரண்டாவது.

அம்மா உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள்.

“மொத வரி சரி. ரெண்டாவதுக்கு முன்னாடி நான் பாட்டைக் கேக்கணும்.”

“கேளுங்கம்மா. நாளைக்கே வண்டி அனுப்பறேன்.”

“அந்த நடுவுல நிக்கிற இடத்துல என்ன பண்ணியிருக்க?”

அவன் சிரித்தான். “அங்க ஒரு மேளம் வருது. அதுதான் இந்தத் தடவை ஸ்பெஷலே.”

அம்மா தாளை மடித்து அவன் கையிலேயே கொடுத்தாள். “அது காலியா இருக்கணும் தம்பி. எனக்கு வேற எதுவும் வேணாம். அது மட்டும் காலியா இருக்கணும்.”

அவன் போன பிறகு கேட்டேன். “பாட்டுக்கும் உனக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“நானும் நெட்டையும் கட்டினது.”

“அப்பாக்குத் தெரியுமா?”

“ஒங்கப்பாகிட்ட ஒண்ணு சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரி. போய்த் தூங்கு.”

தூக்கம் எங்கே வந்தது. இரண்டாம் வருஷம் கல்லூரியை விட்டபோது, ‘எதையும் முழுசாச் சொல்லாம மறைக்கிறே’ என்று என்னை ஆறு மாதம் திட்டியவள் இவள்தான்.

மறுநாள் வண்டியில் நெட்டைப் பெரியம்மா முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். எழுபத்து மூன்று வயதிலும் அவள் தலை வண்டிக் கூரையில் இடிக்கும். அம்மா அவளுக்குத் தோள் உயரம்கூட இல்லை. இந்த இரண்டு பேரும் ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுக்கும் ஒரு சலவைக்கூடத்தில் பதினேழு வருஷம் எதிரெதிராக நின்று படுக்கை விரிப்பு மடித்தவர்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

“கையெழுத்துப் போடப் போறியாடி குள்ளி?” என்று பெரியம்மா திரும்பாமல் கேட்டாள்.

“பாட்டைக் கேட்டுட்டுச் சொல்றேன்.”

“மேளம் இருந்தா?”

“எடுக்கச் சொல்லுவேன்.”

“எடுக்கலன்னா?”

“நீ இருக்கியே, கத்தறதுக்கு.”

ஒலிப்பதிவுக்கூடம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. பேசினால் நம் குரலே நம்மை விட்டு ஓரடி தள்ளி விழுந்து செத்துப்போகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடகி இருந்தாள். என்னைவிடச் சின்னவள், கழுத்தில் மப்ளர், கையில் வெந்நீர்க் குவளை. பெரியம்மா சக்கர நாற்காலி மாதிரி உருண்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டினாள்.

“என்னடா இது, உக்காந்தா ஊர் சுத்திக் காட்டுது!”

மேசையில் இருந்த ஒலிப்பொறியாளர் பாட்டைப் போட்டார். நன்றாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பாடகியின் குரல் ஈரத் துணி மாதிரி கனமாக விழுந்தது. ‘கிட்ட வா, கிட்ட வா’ வந்தது. உடனே மேளம். முதலில் ஒன்று, அப்புறம் ஐந்தாறு சேர்ந்து, தரை அதிர்ந்தது. ‘எட்டப் போ’ அதன் முதுகில் ஏறிக்கொண்டு வந்தது.

அம்மா கையைத் தூக்கினாள். சின்னவர் நிறுத்தினான்.

“அதை எடுத்துடு” என்றாள்.

“அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. இப்ப யாரும் வானொலி முன்னாடி உக்காந்து கேக்கறதில்ல. போன்ல கேக்கறாங்க. மூணு நொடி சத்தம் வரலன்னா விரலால தள்ளி அடுத்த பாட்டுக்குப் போயிடறாங்க. கம்பெனி கணக்கு எடுத்து வெச்சிருக்கு.”

“தள்ளறவங்க தள்ளட்டும்.”

“அப்பாவோட சோகம் அது. எனக்கும் அது பெருசுதான். ஆனா அந்தக் காதலி, அந்தப் பெருமூச்சு, அதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு...”

பெரியம்மா நாற்காலியோடு உருண்டு முன்னால் வந்தாள். “எந்தக் காதலி?”

“அப்பாவோட காதலி. இறந்துபோனவங்க.”

“ஒங்கப்பன் எங்க சலவைக்கூடத்து வாசல்ல நேரம் குறிக்கிற குமாஸ்தாடா. யார் எத்தனை மணிக்கு வந்தா, யார் எத்தனை மணிக்குப் போனான்னு எழுதறது. எனக்குத் தெரிஞ்சு மூணு பேரைக் காதலிச்சான். ஒருத்தியும் சாகல. மூணு பேரும் தப்பிச்சுட்டாங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடகி வெந்நீரைத் துப்பிவிட்டாள். அவளுக்கு எல்லாம் காதுக்கருவியில் கேட்டுக்கொண்டிருந்தது.

சின்னவர் சிரிக்கவில்லை. “எங்கப்பா பொய் சொன்னாருன்னு சொல்றீங்களா?”

“ஆமா. நல்ல பொய்” என்றாள் அம்மா. “உக்காரு, சொல்றேன்.”

அவள் சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். அவளும் சுருக்கமாகத்தான் சொன்னாள்.

கூடத்தில் பதினாறு பெண்கள் விரிப்பு மடித்தார்கள். இரண்டு வரிசை, எதிரெதிராக எட்டு ஜோடி. ஒரு முனையில் நீராவி உருளை. மேற்பார்வைக்காரன் உயரமான மேடையில் உட்கார்ந்திருப்பான். பேசக் கூடாது. பாடலாம், பாடினால் கை வேகமாக ஓடுகிறது என்று அவனே கண்டுபிடித்திருந்தான். கதவைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். விரிப்பைத் திருடிவிடுவார்களாம்.

“ஆஸ்பத்திரி விரிப்பைத் திருடி எவடா தன் வீட்டுக் கட்டில்ல விரிப்பா?” என்றாள் பெரியம்மா.

ஒரு நாள் அவன் சாப்பிடப் போயிருந்தபோது உருளை பக்கத்தில் நின்றவள் மயங்கி, வலது கை உருளையில் பட விழுந்தாள். கதவு பூட்டியிருந்தது. சாவி அவனோடு சாப்பாட்டில் இருந்தது. அவன் வந்து திறக்க இருபது நிமிஷம்.

“பொழச்சாளா?” என்று சின்னவர் கேட்டான்.

“அவ பொழச்சா. வலது கை பொழைக்கல” என்றாள் அம்மா.

மறுநாளே அவள் இடத்தில் வேறொருத்தியை நிறுத்தினார்கள். வேலையை நிறுத்துவது என்று ஒவ்வொருத்தியும் மனசில் நினைத்தாள். ஆனால் பதினாறு பேரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பேருக்கும் வேலை போகும். வாசலில் கூடிப் பேசினால் காட்டிக்கொடுக்க ஆள் இருந்தது. பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தான் பாட்டைக் கட்டினார்கள்.

“சும்மா கேட்டா புரியாது. ஒரு பெட்ஷீட் கொடு” என்றாள் அம்மா.

அங்கே ஏது பெட்ஷீட். மூலையில் பியானோவை ஒரு பெரிய வெள்ளைத் துணியால் தூசி படாமல் மூடியிருந்தார்கள். பெரியம்மா கேட்காமலே அதை உருவினாள். இரண்டு பேரும் அறையின் நடுவில் எதிரெதிராக நின்றார்கள். பாடகி உள்ளேயிருந்து வெளியே வந்துவிட்டாள்.

அந்தக் கிழவிகள் பாடியது நான் கேட்டு வளர்ந்த பாட்டு இல்லை. வார்த்தை பாதிக்கு மேல் அதேதான். இனிமைதான் இல்லை.

‘நுனியைப் பிடிடி, நிமிர்ந்து நில்லடி,
உதறடி, உதறடி, தூசி பறக்கட்டும்,
கிட்ட வாடி, கிட்ட வாடி...’

துணியைப் பட்டென்று இழுத்து உதறி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, கையை உயர்த்தி ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்தாள். நுனி நுனியோடு சேரும் இடத்தில் பெரியம்மா குனிய, இரண்டு முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. தூக்கிப் பிடித்த துணி இரண்டு பேர் வாயையும் மறைத்தது. நாங்கள் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. பாட்டு நின்றது. மூன்று நொடி. அந்த நேரத்தில் பெரியம்மா ஏதோ சொன்னாள். அம்மாவின் நெற்றி சுருங்கியது. பெரியம்மா மடிப்பின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

‘எட்டப் போடி, எட்டப் போடி, இன்னும் இருக்குது நீளம்.’

“என்ன சொன்னீங்க?” என்று பாடகி கேட்டாள். “காதுல விழவே இல்ல.”

“விழக் கூடாது. அதுக்குத்தான் அப்படி நிக்கிறது” என்றாள் பெரியம்மா.

“ஒரு மடிப்புக்கு ஒரு வார்த்தை” என்றாள் அம்மா. “பத்து விரிப்பு முடிஞ்சா ஒரு வரிசை ஓர் இடம் நகரணும். ஒருத்தியே நாள் பூரா நீராவில வேகக் கூடாதுன்னு வெச்ச ஏற்பாடு. நகர்ந்தா புது ஜோடி. இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லலாம். காலைல ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள கூடம் முழுக்கப் போயிடும். ‘வெள்ளி.’ ‘பத்து மணி.’ ‘உக்காரு.’ ஒம்போது நாள் பேசினோம். அவன் மேடைல உக்காந்து தாளம் போட்டுக்கிட்டிருந்தான்.”

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பதினாறு பேரும் விரிப்பைத் தரையில் போட்டுவிட்டு அதன் மேல் உட்கார்ந்தார்கள். நாலு நாள் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரிகளில் விரிப்பு தீர்ந்துபோனது. ஐந்தாம் நாள் கதவுப் பூட்டைக் கழற்றினார்கள்.

அதன்பின் முதலாளி விசாரித்தார். எப்படிப் பேசி வைத்தார்கள்? யாரோ பாட்டு என்று சொல்லிவிட்டார்கள். பாட்டைக் கட்டியது யார்? கட்டியவள் தலைவி, அவளைத் தூக்கினால் போதும் என்பது கணக்கு. பதினாறு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் வாசல் குமாஸ்தா உள்ளே போனான்.

“நான்தான் கட்டினேன், காதல் பாட்டு, சும்மா வாசல்ல உக்காந்து பாடினேன், இவங்க பிடிச்சுக்கிட்டாங்கன்னு சொன்னான்” என்றாள் அம்மா. “அந்த இடத்துல ஏன் நிக்குதுன்னு கேட்டாராம். செத்துப்போன காதலியை நெனச்சு விட்ட மூச்சுன்னானாம். அன்னைக்கே ஒங்கப்பனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

சின்னவர் மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு வருஷம் வேலை இல்லாம அலைஞ்சான். அப்புறம் எங்களைத் தேடி வந்தான். இந்தப் பாட்டைப் பதிவு பண்ண ஒருத்தர் கூப்பிடறாங்க, கொடுத்துடட்டுமான்னு கேட்டான். ‘வாடி’யை ‘வா’ ஆக்கிக்கோ, ‘நீள’த்தைத் ‘தூரம்’ ஆக்கிக்கோ, என்ன வேணா பண்ணிக்கோ, அந்த இடத்துல மட்டும் கை வெக்காதேன்னு சொன்னோம். சரின்னான்.”

“எழுத்துல இருக்கா?” அப்போதும் அவன் கேட்டான். தொழில்காரன்.

“எழுதல.” அம்மா அவனை நேராகப் பார்த்தாள். “கை வெக்கவும் இல்ல. எத்தனை மேடை, எத்தனை வாத்தியம், அவன் வாழ்நாள் பூரா வெக்கல. நீ முத நாளே மேளத்தோட வந்துட்டே.”

“நீங்க ஏன் வெளிய சொல்லல? பாட்டு உங்களுதுன்னு?”

“சொன்னா அவன் பொய்க்கு என்ன மரியாதை?” என்றாள் பெரியம்மா. “பொய் சொன்னது எங்களுக்காக. நாங்க அதைக் காப்பாத்தணுமில்ல.”

“அப்பா எங்கிட்டயாவது...”

“ஒனக்குச் சொன்னா நீ பேட்டியில சொல்லியிருப்ப” என்றாள் அம்மா. “இவ அப்பா மாதிரி.”

நான் சிரித்தேன். அவன் என்னை முறைத்தான்.

பிறகு எழுந்து நடந்தான். நாலு எட்டுத்தான் நடக்க முடியும் அந்த அறையில். “கம்பெனி ஒத்துக்காது. மேளத்தைக் காட்டித்தான் இந்த வேலையே எனக்குக் கெடச்சுது. விளம்பரமே அதை வெச்சுத்தான். பாதியாக் கொறைக்கிறேன். ஒரே ஒரு அடி. லேசா.”

“வேணாம்.”

“மேளம் இல்ல, ஒரு புல்லாங்குழல்...”

“அங்க ஊதவும் வேணாம், தட்டவும் வேணாம்” என்றாள் பெரியம்மா. “ஒங்கிட்டக் காலி எடம் ஒண்ணு கொடுத்தா அதுல ஒரு கடை வெக்கணும்னே தோணுமா?”

“நான் ஒண்ணு சொல்லலாமா?” என்றாள் பாடகி. “எனக்கு அந்த இடத்துல மூச்சு எடுக்கணும். மேளத்தோட சேர்ந்து வரச் சொல்றீங்க. பதினோரு தடவை பாடினேன், ஒரு தடவைகூட முழுசா வரல. நீங்க ரெண்டை வெட்டி ஒட்டினீங்க. மேடையில எதை வெட்டி எதை ஒட்டறது? நான் என்ன மூச்சு விடாத மெஷினா? அந்த மேளம் இருந்தா வேற ஆளைப் பாத்துக்கோங்க.”

அவள் நியாயத்துக்காகப் பேசவில்லை, நுரையீரலுக்காகப் பேசினாள். அதனால்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. நியாயம் பேசுகிறவர்கள் மறுநாள் மாறுவார்கள். நுரையீரல் மாறாது.

அம்மா சின்னவரிடம் பேனா கேட்டாள். தாளை மேசையில் விரித்தாள். “மொத வரி அப்படியே இருக்கட்டும். கட்டினது யாருன்னு தெரியாது. அன்னைக்கும் யாருன்னு தெரியாததாலதான் ஜெயிச்சோம். அது எங்களுக்குக் கொறச்சல் இல்ல.” இரண்டாவது வரியின் மேல் கோடு போட்டாள். ஒரு கோடு போதவில்லை என்று இன்னும் இரண்டு போட்டாள். கீழே, ‘நடுவில் நிற்கும் இடம் காலியாக விடப்படும்’ என்று எழுதினாள். அவள் கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து மாதிரி பெரிது பெரிதாக இருக்கும். பாதிப் பக்கம் அதற்கே போய்விட்டது. கையெழுத்துப் போட்டுப் பெரியம்மாவிடம் தள்ளினாள். பெரியம்மாவும் போட்டதும் அம்மா தாளைச் சின்னவர் பக்கம் நகர்த்தினாள்.

“இதை எடுத்துக்கிட்டா எங்க கையெழுத்து இருக்கு. எடுத்துக்கலன்னா கிழிச்சுடு. நாங்க போய் வக்கீல் பாக்க மாட்டோம், தெருவுல நின்னு கத்தவும் மாட்டோம். நீ மேளம் வெச்சுப் போட்டுக்கலாம். ஆனா ஒங்கப்பன் எதுக்கு வேலையைவிட்டுப் போனான்னு இப்ப ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் வெக்கணும்.”

அவன் தாளை எடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. ஒலிப்பொறியாளரிடம் போய், மேளம் பதிவான தடத்தை மட்டும் அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னான். பாட்டு ஓடியது. ‘கிட்ட வா, கிட்ட வா.’ நின்றது. அந்தப் பஞ்சுச் சுவர் அறையில் மூன்று நொடி என்பது ரொம்ப நீளம். பொறியாளர் பழக்கத்தில் ஏதோ கெட்டுப்போச்சு என்று விசையைத் தொடப் போனார். சின்னவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

அவன் போன் அடித்தது. கம்பெனி. அவன் அறைக்கு வெளியே போய்ப் பேசினான். வாசல் கதவு சரியாக மூடாததால் எங்களுக்குக் கேட்டது. முதலில் மெதுவாகப் பேசினான். பிறகு, “இல்ல சார், கெடையாது” என்றான். பிறகு அதையே சத்தமாகச் சொன்னான். மூன்றாவது தடவை சொன்னபோது ‘சார்’ இல்லை.

“பரவால்ல, அப்பன்கிட்டேருந்து வந்தது மூக்கு மட்டும் இல்ல” என்றாள் பெரியம்மா.

பாட்டு இரண்டு மாதம் கழித்து வந்தது. மேளம் இல்லை. விளம்பரமும் பெரிதாக இல்லை, கம்பெனி கோபத்தில் இருந்தது. சுமாராகத்தான் போனது. கேட்கிறவர்கள் அந்த இடத்தில் விரலால் தள்ளிவிடுகிறார்கள் என்று சின்னவர் சொன்னது உண்மைதான். கீழே கருத்து எழுதும் இடத்தில் பாதிப் பேர், ‘நடுவுல ஆடியோ கட் ஆகுது, சரி பண்ணுங்க’ என்று எழுதியிருந்தார்கள். கம்பெனி அடுத்த வேலைக்கு அவனைக் கூப்பிடவில்லை என்று பாடகி போனில் சொன்னாள்.

அம்மாவுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை பேர் கேட்டிருக்காங்க?”

சொன்னேன்.

“நாங்க பதினாறு பேர்தான்டி” என்றாள். பிறகு கத்தியை நீட்டி, “அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு. ரொம்பக் கொஞ்சிக் கொஞ்சிப் பாடுது. உதறச் சொல்லு” என்றாள்.